கோலப்பொடிக்கும் சேர்த்து வெட்டிய குழி

எங்கள் கட்டிலின் நான்கு கால்களும் செங்கல்மேல் நின்றன. பம்பாய்ச் செம்பூரில் தரைத்தளத்தில் குடியிருந்த எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் பிறந்தால் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். பிறகு எங்கள் வாசலின் மூன்று படியும் ஏறும். பிறகு அழைக்காத விருந்தாளி மாதிரி கூடத்துக்குள் வந்து உட்காரும். அதனால் அரிசி டின், டிரங்குப் பெட்டி, தையல் மெஷின் எல்லாமே செங்கல்மேல்தான். நான் குள்ளம். கட்டிலில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் கால்கள் அந்தரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் கட்டடம் பள்ளத்தில் இருந்தது. கட்டியபோது பள்ளமில்லை, ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டு எங்களைப் பள்ளமாக்கிவிட்டார்கள். மழைத்தண்ணீர் ஓட எங்கள் சந்தில் சாக்கடை கிடையாது. அடுத்த வருஷம் வரும் என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னார்கள். மூன்று மாடி, எல்லாம் தமிழ்க் குடும்பங்கள், எல்லாரும் ஆபீஸ் போகிறவர்கள். மேல்மாடிக்காரர்களுக்கு மழை என்றால் ஜன்னலோரம் பஜ்ஜி. எங்களுக்கு வாளியும் துடைப்பமும்.

ஒரு வருஷம் மழை ஓய்ந்து, நனைந்த மெத்தையை வெயிலில் புரட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் சொன்னார்.

"இன்னும் ஒரு மழை பாக்கலாம். அடுத்த வருஷமும் உள்ளே தண்ணி வந்துதுன்னா, கல்யாணுக்குப் போயிடலாம். அண்ணா ஆத்துக்குப் பக்கத்திலேயே போர்ஷன் இருக்காம்."

"என் ஆபீஸ்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

எங்கள் வீட்டு அகராதியில் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்றால் முடிந்துபோன விஷயம் என்று பொருள். அவருக்குத் தாணாவில் ஒரு பாக்டரியில் அக்கவுண்ட்ஸ் வேலை. தாணாவைத் தாண்டின ஊர் கல்யாண், அங்கிருந்து அவருக்குச் சுகம். எனக்கு வேலை நகரத்தின் தென்கோடியில், கோட்டைப் பக்கம். வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டு, கல்யாணிலிருந்து தினம் அந்த ரயில் நெரிசலில் வந்து போவது ஆகிற காரியமில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மெத்தையைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். ஆனாலும் அன்று முழுக்க அவரிடம் நான் பேசவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான். சாக்கடை, செப்டிக் டாங்க், தண்ணீர் இறங்கும் சோக்பிட், இதெல்லாம் படம் போடுவேன். சொந்தக்காரர்கள் "என்ன வேலை?" என்று கேட்டால் என் கணவர் "வரையற வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். எதை வரைகிறேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அந்த வரைபலகை முன்னால் நிற்கும் நேரம்தான் எனக்கென்று இருந்த நேரம். அதைக் கல்யாண் லோக்கல் ரயிலில் தொலைக்க நான் தயாராயில்லை.

ஆகவே எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சொஸைட்டியின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். சாக்கடை வராவிட்டால் போகிறது, முற்றத்துத் தண்ணீரை மண்ணுக்குள்ளேயே அனுப்பிவிடலாம், ஒரு சோக்பிட் வெட்டுவோம் என்றேன். குழி வெட்டி, உடைத்த கல்லையும் செங்கல் ஜல்லியையும் நிரப்பி, மேலே மூடிவிட்டால் மழைத்தண்ணீர் அதில் இறங்கி மெல்ல மெல்ல மண்ணில் ஊறிவிடும். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. செக்ரட்டரி மாமாவுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. அதுதான் சங்கடமாகப் போயிற்று.

செக்ரட்டரி மாமா ரயில்வே கணக்குப் பிரிவில் பெரிய பதவியிலிருந்து ரிடயரானவர். கட்டடத்திலேயே கார் வைத்திருந்த ஒரே ஆள். பியட் வண்டி. அது முற்றத்தில் கிழக்குச் சுவரோரமாக, துணி போர்த்திக்கொண்டு நிற்கும். நல்ல மனிதர். ஆனால் எந்த வேலையையும் தானே ஒரு தரம் செய்து பார்த்து, 'இதிலே என்ன இருக்கு' என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மண்ணைச் சோதித்தார். தாராவியிலிருந்து ஒரு கான்ட்ராக்டரை வரவழைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், கல் மண் ஜல்லி வியாபாரம், குழி வெட்ட ஆள்களும் வைத்திருந்தார். அவருடைய ஆள்கள் முற்றத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு சின்னக் குழி தோண்டினார்கள். மாமா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு நின்றார். மாடிகளிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்கள். காபி ஆறுவதற்குள் காணாமல் போய்விட்டது. இன்னொரு வாளி. அதுவும் போயிற்று. மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

"பாத்தியாம்மா, நம்ம மண்ணு எப்படிக் குடிக்கறது," என்றார் மாமா. அங்கேயே மனக்கணக்காகப் பெருக்கி வகுத்து, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் கிணற்று உறை அகலத்துக்கு ஒரு குழி போதும் என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது.

"மாமா, இது தாகம். இதை வெச்சுக் கணக்குப் போடக்கூடாது. மே மாச மண்ணு முதல் வாளியை எப்படிக் குடிச்சா என்ன? ஜூலையிலே நாள் கணக்கா மழை கொட்டி, மண்ணு ஊறிப் போய்க் கிடக்கும். அப்போ எப்படிக் குடிக்கும்? அதுதான் வேணும். இந்த வருஷம் மட்டுமில்லே, பத்து வருஷம் கழிச்சும் எப்படிக் குடிக்கும்னு தெரியணும்."

"பத்து வருஷம் கழிச்சு நானே இருக்கேனோ இல்லையோ."

"நீங்க மேல்மாடியிலே இருக்கேள். நான்தான் கீழே இருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பெரியவரிடம் அப்படிப் பேசக்கூடாது என்று வீட்டுக்குள் போனதும் என் கணவர் சொன்னார். கான்ட்ராக்டருக்கு மாஹிமில் வேறு ஒரு வேலை இருந்தது. முடித்துவிட்டு அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை சோதனைக் குழியை மூட வேண்டாம், நான் ஒரு தரம் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மண்ணை ஊறவைக்கத் தண்ணீர் வேண்டும். குழாயில் விடிகாலையில் கொஞ்ச நேரம் வரும் தண்ணீருக்கு அண்டா, குண்டான், சொம்பு வரை வரிசையில் நிற்கிற மே மாதத்தில், அதைக் கொண்டுபோய் மண்ணில் கொட்டினால் அடி விழும். பக்கத்து வளாகத்தில் யாரும் புழங்காத ஒரு கிணறு இருந்தது. குடிக்க லாயக்கில்லாத தண்ணீர், மண்ணுக்குப் போதும். என் கணவர்தான் இழுத்துக் கொடுத்தார். கல்யாணுக்குப் போக ஆசைப்படுகிறவர், போகாமலிருக்க எனக்குத் தண்ணீர் இழுத்தார். இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "கயிறு அறுந்துதுன்னா நேரே கல்யாண்தான்," என்றார்.

அந்தக் கிணறு இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் கையெட்டும் தூரத்துக்கு ஏறிவிடும் என்று அந்த வளாகத்துக்காரர்கள் சொன்னார்கள். அப்படியானால் ஆழமாகக் குழி வெட்டிப் பிரயோஜனமில்லை. ஆடி ஆவணியில் அடியிலிருந்தே தண்ணீர் ஊறி நிரம்பிவிடும், மேலேயிருந்து வருகிற தண்ணீருக்கு இடமிருக்காது. குழி ஆழமாக இல்லாமல் நீளமாக இருக்க வேண்டும் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்தான். அதனால் மறு சனி மதியமே ஆரம்பித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பொறுமையில்லை, அந்த ஞாயிறு மாலையே குழியை நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். வற்ற வற்ற ஊற்றினோம். முதலில் கடகடவென்று குடித்தது. பிறகு நிதானமாயிற்று. ஸ்கேலை நட்டு வைத்துப் பார்த்தேன். மாமா பார்த்த வேகத்தில் பாதிதான். ஆனால் அதற்குமேல் குறையவும் இல்லை. ஊறிய மண்ணின் வேகம் இதுதான். மாமா சொன்னதைப்போல் இரண்டு மடங்குக் குழி வெட்டினால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன்.

திங்கட்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்த்தேன். குழியில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. பால் கலந்த மாதிரி வெளுத்த தண்ணீர். ஸ்கேலை நட்டுவிட்டு உள்ளே போய், கைகால் கழுவி, குழந்தைக்குச் சாதம் பிசைந்து ஊட்டிவிட்டு வந்தேன். இறங்கவே இல்லை.

"மண்ணு வாயை மூடிண்டுடுத்து," என்றார் என் கணவர், பின்னால் வந்து நின்றுகொண்டு. கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்த மண் குடிக்காத மண் என்றால் குழியும் இல்லை, ஆபீஸும் இல்லை. கல்யாண் போர்ஷனின் சமையலறையில் நான் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்தத் தண்ணீரைச் சொம்பால் மொண்டு வெளியே கொட்டினேன். அடிமண்ணைத் தோசைத் திருப்பியால் சுரண்டினேன். பாலாடை எடுக்கிற மாதிரி, வெள்ளையாக ஒரு ஏடு முழுசாகத் திருப்பியோடு வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். வழவழவென்று மாவு மாதிரி இருந்தது. ஏடு எடுத்த இடத்தில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். நேற்றைய வேகத்திலேயே இறங்கியது. மண் வாயை மூடவில்லை. யாரோ மூடியிருக்கிறார்கள்.

யார் என்று மறுநாள் காலை தெரிந்தது. வழக்கமான லோக்கலைத் தவறவிட்டுவிட்டு மாடிப்படியோரம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதல் நாள் கோலத்தின்மேல் ஒரு வாளி தண்ணீர் விட்டுப் பெருக்கித் தள்ளினார்கள். மாடிகளிலிருந்து படிவழியாக, முற்றத்தின் ஓரமாக, வெள்ளைத் தண்ணீர் வளைந்து வளைந்து தாழ்ந்த மூலைக்கு வந்து என் குழிக்குள் விழுந்தது. அரிசிமாவுக் கோலமாக இருந்தால் எறும்பும் குருவியும் தின்றிருக்கும். அரிசி ரேஷனில் அளந்து கொடுத்த காலம் அது. சோற்றுக்கே மட்டு, கோலத்துக்கு எங்கே போவது? எல்லாரும் மாட்டுங்கா மார்க்கெட்டில் விற்கிற ரங்கோலிப் பொடிதான் வாங்கினோம். அரைத்த கல். எறும்பும் தொடாது, மக்கவும் மக்காது. வாசலைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்று நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து, தினம் காலையில் எங்கள் முற்றத்து மண்ணின் வாயைப் பூசி அடைத்துக்கொண்டிருந்தோம். என் வாசல் கோலமும் அதில் சேர்த்தி.

மண்ணின் நீண்ட கால வேகம், நீண்ட கால வேகம் என்று ஆபீஸில் படம் போடும்போதெல்லாம் சொல்வோம். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் படியோரத்தில்தான் எனக்கு உறைத்தது. அது மண்ணின் குணம் மட்டுமில்லை. அந்த மண்ணின்மேல் குடியிருக்கிறவர்கள் தினம் எழுந்ததும் என்ன செய்கிறார்கள் என்பதும் அதில் உண்டு.

அந்த வாரம் முழுக்கக் குழியைத் தொடவில்லை. கோலத்தண்ணீர் விழுந்தபடி விழட்டும் என்று விட்டுவிட்டேன். மாலை மாலை அளந்தேன். அடி அநேகமாக அடைபட்டுப் போயிற்று. ஆனால் பக்கச் சுவர்களில் பொடி தங்க முடியவில்லை. அங்கே தண்ணீர் மெதுவாகக் கசிந்துகொண்டே இருந்தது. வாரக் கடைசியில் வேகம் ஒரு இடத்துக்கு வந்து நின்றது. கேவலமான வேகம். ஆனால் உண்மையான வேகம். அடியைக் கணக்கிலேயே சேர்க்காமல், பக்கங்களை மட்டும் நம்பி, அந்த வேகத்திலும் பாதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். குழி மாமாவின் குழியைப்போலப் பல மடங்காயிற்று. முற்றத்தில் அந்த நீளத்துக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. கிழக்குச் சுவரோரம். பியட்டுக்கு அடியில்.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் கூட்டம் போட்டோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை ஏட்டை ஒரு தட்டில் வைத்து எல்லாரிடமும் நீட்டினேன். மாமா அதைப் பார்த்தார், தொட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒத்துக்கறேன். பொடிதான் அடைக்கறது. அப்போ விஷயம் சுலபமாப் போச்சே. நாளையிலேர்ந்து யாரும் பொடிக்கோலம் போடக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிடலாம். சின்னக் குழியே போதும். வண்டி நின்ன இடத்திலேயே நிக்கலாம்."

ஆண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். செலவும் மிச்சம், வேலையும் மிச்சம். அப்போது இரண்டாம் மாடி மாமி எழுந்தாள்.

அந்த மாமியைப் பற்றி ஒரே வார்த்தை: கட்டடத்துக்குச் செக்ரட்டரி மாமா என்றால், செக்ரட்டரி மாமா உள்பட எல்லாருக்கும் செக்ரட்டரி இந்த மாமி. மார்கழியில் அவள் கோலம் படிக்கட்டு வரை இறங்கி வரும்.

"என் வாசல்லே கோலம் போடாதேன்னு சொல்ல இங்கே யாருக்கு தைரியம் இருக்குன்னு பாக்கறேன்," என்றாள். பிறகு மாமாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி பொண்ணே, இதுக்குத்தான் தட்டிலே வெச்சுண்டு ஊரெல்லாம் காட்டினியா? நீ கோலம் போடறதில்லையா?"

என் கணவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். விட்டுவிடு என்று அர்த்தம். விட்டிருந்தால் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை வரை யாரும் கோலம் போட்டிருக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாமி போட்டிருப்பாள். சனிக்கிழமை எல்லாரும் போட்டிருப்பார்கள். சின்னக் குழி முதல் மழையைக் குடித்து எல்லாரிடமும் பேர் வாங்கி, பிள்ளையார் சதுர்த்திக்குள் அடைத்துக்கொண்டிருக்கும். நான் கல்யாணில் இருந்திருப்பேன்.

"மாமி, நீங்க கோலத்தை நிறுத்த வேண்டாம்," என்றேன். "நீங்க நிறுத்தமாட்டேள்னு வெச்சுண்டுதான் நான் கணக்கே போட்டிருக்கேன். தினம் பொடி வரும், மார்கழியிலே இன்னும் நிறைய வரும், அப்பவும் தண்ணி இறங்கணும். அதுக்குத்தான் குழியைப் பெரிசாக் கேக்கறேன். நோட்டீஸை நம்பி வெட்டற குழி நோட்டீஸ் கிழியற வரைக்கும்தான் மாமா."

மாமி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அதாவது, என் கோலத்துக்கும் சேர்த்துக் குழி வெட்டறேங்கறே."

"ஆமாம் மாமி."

"அப்போ வெட்டு." மாமாவைப் பார்த்தாள். "வண்டியை ரோட்லே விட்டா என்ன, அது அழவா போறது?"

பெண்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்த பெண்களைப் பார்த்துவிட்டுக் கை தூக்கினார்கள். என் வாழ்க்கையில் எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. அந்தக் கைகளைப் பார்த்தபோது இருந்த சந்தோஷம் தனி.

மறுநாள் வந்த தாராவிக் கான்ட்ராக்டர், நான் சுண்ணாம்பால் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"யம்மா, மழ இந்தா வந்துட்டு. இம்புட்டு நீளத்துக்கு வெட்டச் சொல்லுதியளே, இது குழியா, ரயில் ரோடா?"

ஆனால் வெட்டினார். ஆள்களைக் கூட்டி, சுறுசுறுப்பாக வெட்டினார். திங்கட்கிழமை மாலை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது குழியின் சுவர்களை மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி வழவழவென்று மெழுகி வைத்திருந்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் பக்கச் சுவர்களைத்தான் நான் முழுக்க நம்பியிருந்தேன். அதை மெழுகினால் கோலப்பொடி ஒரு வருஷத்தில் செய்வதை மண்வெட்டி ஒரே நாளில் செய்ததாகிவிடும். எல்லாவற்றையும் கீறிவிடச் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"இம்புட்டு அளகா முடிச்சுக் குடுத்திருக்கேன், அதப் போயிக் கீறச் சொல்லுதியளே. பாக்குதவன் என்ன சொல்லுவான்?"

"யாரும் பாக்கப் போறதில்லே பாய். மேலே கல்லு போட்டு மூடப் போறோம். தண்ணி மட்டும்தான் பாக்கும்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஆள்களிடம் இரும்புச் சீப்பு மாதிரி ஒன்றைக் கொடுத்துக் கீறவைத்தார். குழிக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டியும் கட்டினோம். முற்றத்துத் தண்ணீர் முதலில் அதில் தங்கி, பொடியைக் கீழே விட்டுவிட்டு, தெளிந்தது மட்டும் குழிக்குப் போகும்படி. அந்தத் தொட்டியை மார்கழி முடிந்ததும் ஒரு தரம், மழைக்கு முன்னால் ஒரு தரம் வாரிவிட வேண்டும். வாருவதற்குப் பொறுப்பு மாமி. அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பியட் ரோட்டில், பாதாம் மரத்தடிக்குப் போயிற்று. அதன்மேல் காக்கை செய்ததற்கெல்லாம் மாமா என்னைத்தான் பொறுப்பாக்கினார்.

மழை வந்தது. முதலில் சும்மா வந்துவிட்டுப் போயிற்று. பிறகு ஒரு நாள் மதியம் கோட்டைப் பக்கம் வானம் கறுத்து, ஆபீஸில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. பலகை முன்னால் நின்றேன், ஒரு கோடும் நேராக வரவில்லை. சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சயான் ஸ்டேஷன் தாண்டி ரயில் நின்றது. நின்றதுதான், அப்புறம் நகரவேயில்லை. லேடீஸ் கம்பார்ட்மென்டில் இருந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செம்பூர் வரை நடந்தேன். முழங்கால் தண்ணீர். வழியில் தரைத்தள வீடுகளிலிருந்து பாயும் பாத்திரமும் வெளியே வந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டில் இந்நேரம் எது மிதக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். போட்ட கணக்கை மனசுக்குள் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தரமும் சரியாகத்தான் வந்தது, ஒவ்வொரு தரமும் பயமாகத்தான் இருந்தது.

எங்கள் கேட்டைத் திறந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மழை குறைந்திருந்தது. மாடிப்படிகளில் கட்டடம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. முற்றத்தில் தண்ணீர். அதன் நடுவில், ஒரு கையில் குடையும் ஒரு கையில் என் ஸ்கேலுமாக, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செக்ரட்டரி மாமா.

என் கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரும் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். வாசற்படியை அடைக்கச் சாக்குகளை எடுத்து வைத்திருந்தார். அவை காய்ந்தபடியே கிடந்தன.

"உள்ளே வந்துதா?"

"ரெண்டாம் படியைத் தொட்டுது," என்றார். "தொட்டுட்டு நின்னுது. நானும் சாக்கை வெச்சுண்டு நின்னேன். அப்புறம் இறங்கிடுத்து."

மாமா தண்ணீருக்குள்ளிருந்தே கூப்பிட்டார். "இறங்கறதும்மா. நான் பாத்துண்டே இருக்கேன். நீ சொன்ன கணக்கைவிட வேகமாவே இறங்கறது."

"முதல் வருஷம்தானே மாமா. மண்ணு புதுசு. பொறுங்கோ."

"உனக்கு சந்தோஷப்படவே தெரியாதா?"

தெரியும். பல் தெரியச் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். இரண்டாம் மாடி மாமி மேலேயிருந்து, நனைஞ்சுண்டு நிக்காதே, காபி கலந்திருக்கேன், வா என்றாள். அவள் வீட்டுக் காபி நன்றாகவே இருக்காது. அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆனாலும் நான் சொன்னதுதான் சரி. ஒரு மழையை ஜெயிப்பது ஜெயமில்லை. மார்கழி முடிந்ததும் மாமி ஆள் வைத்துத் தொட்டியை வாரினாள். கெட்டித் தயிர் மாதிரி வாளி வாளியாகப் பொடி வந்தது. அடுத்த மழையில் குழி கொஞ்சம் நிதானமாகக் குடித்தது. அதற்கடுத்த வருஷமும் அதே நிதானம். அதற்குமேல் குறையவில்லை. நான் சோதனைக் குழியில் பார்த்த அந்தக் கேவலமான வேகத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது. தண்ணீர் ஒரு தரம்கூட மூன்றாம் படிக்கு வரவில்லை.

எங்களைப் பார்த்து அடுத்த சந்துச் சொஸைட்டிக்காரர்களும் சின்னதாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். மூன்றாவது மழையில் அது பொங்கி வழிந்தது. என்ன செய்வது என்று கேட்டு எங்கள் கட்டடத்துக்கு வந்தார்கள். மாமா அவர்களை முற்றத்தில் நிறுத்தி, குழியைச் சுற்றிக் காட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்: "மண்ணோட தாகத்தை அளக்காதேங்கோ. பழக்கத்தை அளங்கோ. அது மேலே குடியிருக்கறவா பழக்கத்தையும் சேர்த்து அளங்கோ." நான் துணி உலர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் மாமா இருமினார். நான் அடுத்த துணியை உதறினேன். அவர் வாயால் கேட்டது, நானே சொன்னதைவிட நன்றாக இருந்தது.

ஆனால் எங்கள் வீட்டுக்குள் செங்கற்கள் அப்படியே இருந்தன. என் கணவர் கல்யாண் பேச்சை எடுப்பதில்லை, செங்கல்லையும் எடுப்பதில்லை. இருக்கட்டுமே, எதுக்கும் இருக்கட்டும் என்பார். நானும் வற்புறுத்தவில்லை. மண் விஷயத்தில் ஒரு மழையை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அவரை மட்டும் எப்படி நம்பச் சொல்வது? என் கால்கள் தொங்கின. ஆபீஸுக்குப் போனேன், வந்தேன். என் பலகையில் பெரிய பெரிய காலனிகளின் மழைநீர்ப் படங்கள் வர ஆரம்பித்தன.

நாலாவது மழை. அதுதான் அந்த வருஷங்களிலேயே பெரிய மழை. தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டது, நின்றது, இறங்கியது. மழைக்காலம் முடிந்து, நவராத்திரிக்கு வீடு ஒழித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலில் செங்கற்கள் அடுக்கியிருந்தன. பாசி பிடித்து, ஓரம் தேய்ந்து, வரிசையாக.

என் கணவர் கூடத்தில் வியர்த்து விறுவிறுத்து நின்றார். மாமாவும் இன்னொருவரும் கட்டிலை ஒரு பக்கம் தூக்க, இவர் ஒவ்வொரு காலடியிலிருந்தும் செங்கல்லை உருவியிருக்கிறார்.

"அண்ணாகிட்டே சொல்லிட்டேன்," என்றார், என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டே. "நாங்க வரலேன்னு."

பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. ஷாபாத் கல் தரை காய்ந்து, சில்லென்று இருந்தது.